தேர்வில்லாக் குடியுரிமை: மதுரை முகாம்களும் குடிமையியல் பாடமும்

தமிழ்நாட்டு எட்டாம் வகுப்புச் சமூக அறிவியல் நூலின் குடிமையியல் பகுதியில் 'குடிமக்களும் குடியுரிமையும்' என்றொரு பாடம் உண்டு. பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புரிமை, புதிய நிலப்பரப்பு இந்தியாவுடன் இணைதல் என்று குடியுரிமை பெறும் ஐந்து வழிகளையும், அதை இழக்கும் மூன்று வழிகளையும் அப்பாடம் சொல்லித்தருகிறது. மதுரை மாவட்டத்தில் ஆனையூர், திருவாதவூர், திருமங்கலம் அருகேயுள்ள உச்சப்பட்டி ஆகிய இடங்களில் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. அங்கே வளரும் பிள்ளைகளும் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் மற்றப் பிள்ளைகளோடு அமர்ந்து இதே பாடத்தைப் படிக்கிறார்கள், இதே தேர்வை எழுதுகிறார்கள். ஐந்து வழிகளையும் பிழையின்றி எழுதி முழு மதிப்பெண் வாங்கும் அப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அந்த ஐந்தில் ஒரு வழிகூட இன்று திறந்திருக்கவில்லை.

பத்தாம் வகுப்பு முடிப்பதற்குள் வேலூர்ப் புரட்சி முதல் வெள்ளையனே வெளியேறு இயக்கம் வரையான வரலாறும், அடிப்படை உரிமைகளும், ஒன்றிய மாநில அரசுகளின் அமைப்பும் இவர்களுக்குப் பாடமாகிவிடுகின்றன. ஒரு நாட்டின் குடிமகனாவதற்கு அந்நாட்டின் வரலாற்றையும் ஆட்சிமுறையையும் அறிந்திருப்பதே தகுதி என்றால், இவர்களைவிடத் தகுதியுடையோர் அரிது. இந்தியச் சட்டம் அந்தத் தகுதியைக் கேட்பதில்லை. ஏன் கேட்பதில்லை, வேறு எதைக் கேட்கிறது என்பதை அறிய, மதுரைச் சமவெளிக்கும் இலங்கைக்கும் இடையே இருநூறு ஆண்டுகளாக நடந்துவரும் போக்குவரத்தைப் பார்க்க வேண்டும்.

தேர்வு வைக்கும் நாடுகள்

1983க்குப் பின் இலங்கையை விட்டு வெளியேறிய தமிழர்களில் ஒரு பகுதியினர் பாக் நீரிணையைப் படகில் கடந்து தமிழ்நாட்டுக்கு வந்தனர். இன்னொரு பகுதியினர் கனடா, பிரிட்டன், ஜெர்மனி, ஆஸ்திரேலியா என்று போனார்கள். ஒரே ஊரிலிருந்து, பல வேளைகளில் ஒரே வீட்டிலிருந்து, இப்படி இரு திசைகளில் பிரிந்தவர்கள் உண்டு.

கனடாவுக்குப் போனவர் சில ஆண்டுகள் நிரந்தரமாக வசித்த பிறகு 'டிஸ்கவர் கனடா' என்ற அரசு வெளியிட்ட கையேட்டைப் படித்துத் தேர்வு எழுதுகிறார். 20 கேள்விகளில் 15க்குச் சரியான விடை தர வேண்டும். 18 முதல் 54 வயது வரையுள்ளவர்களுக்கு இது கட்டாயம். பிரிட்டன் 2005 முதல் 24 கேள்விகள் கொண்ட தேர்வு வைக்கிறது. 18 விடைகள் சரியாக இருக்க வேண்டும். ஆஸ்திரேலியா 2007இல் தொடங்கியது. ஜெர்மனியில் 2008 முதல் 33 கேள்விகள். 17 விடைகள் போதும். அந்நாடுகளின் அரசர், பிரதமர், போர்கள், ஆறுகள் பற்றியெல்லாம் நம்மவர்கள் இரவில் கண்விழித்து மனப்பாடம் செய்து, மறுநாள் எழுதி, பின்பு உறுதிமொழி எடுத்துக் குடிமக்கள் ஆனார்கள்.

இத்தேர்வுகள் மீது அந்தந்த நாட்டிலேயே விமர்சனம் உண்டு. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களில் எத்தனை பேர் இவற்றில் தேறுவார்கள் என்ற கேலியும் பழையதுதான். ஆனால் தேர்வு என்ற ஒன்று இருப்பதில் ஒரு நன்மை இருக்கிறது. அதற்கு ஒரு நாள் உண்டு, ஒரு பாடநூல் உண்டு, தேறிய பின் ஒரு முடிவு உண்டு. உச்சப்பட்டியில் இருப்பவருக்கு அப்படி ஒரு நாள் குறிக்கப்படவில்லை.

இந்தியா ஏன் வரலாறு கேட்கவில்லை

இந்தியாவில் 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இயல்புரிமை வழியில் குடியுரிமை கோரும் வெளிநாட்டவருக்கான தகுதிகளைச் சொல்கிறது. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய 12 மாதங்கள் இடைவிடாது இங்கே வசித்திருக்க வேண்டும். அதற்கு முந்தைய 14 ஆண்டுகளில் மொத்தம் 11 ஆண்டுகள் வசித்திருக்க வேண்டும். நன்னடத்தை உடையவராக இருக்க வேண்டும். அரசமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள மொழிகளில் ஒன்றில் போதிய அறிவு இருக்க வேண்டும். அறிவு சார்ந்து கேட்கப்படுவது அந்த மொழி ஒன்றுதான். வரலாறும் குடிமையியலும் பட்டியலிலேயே இல்லை. எட்டாம் அட்டவணையில் தமிழ் இருப்பதால், திருவாதவூர் முகாமில் உள்ளவருக்கு அந்த ஒரு நிபந்தனையும் பிறக்கும்போதே நிறைவேறிவிட்டது. மாணிக்கவாசகர் பிறந்த ஊரில் தமிழ் தெரியுமா என்று யாரும் கேட்கப்போவதில்லை.

இந்தியா தேர்வு வைக்காமல் போனதற்கு அது தோன்றிய காலமே காரணம் என்று கருத இடமிருக்கிறது. அரசமைப்பு அவையில் குடியுரிமை பற்றிய பிரிவுகள் 1949 ஆகஸ்டில் விவாதிக்கப்பட்டன. வரைவுக் குழுவுக்கு மிகுந்த தலைவலி தந்தவற்றுள் இதுவும் ஒன்று என்பதை அம்பேத்கர் அவையிலேயே சொன்னார். அன்று உறுப்பினர்களின் கண்முன் இருந்தது பிரிவினை. எல்லை தாண்டி வந்த இலட்சக்கணக்கானவர்களில் யார் குடிமகன் என்று தீர்மானிக்க, அவர்கள் வந்த தேதியே அளவுகோல் ஆயிற்று. அரசமைப்பின் 6ஆம் உறுப்பில் 1948 ஜூலை 19 என்ற நாள் இடம்பெற்றது அப்படித்தான். இந்தியக் குடியுரிமைச் சட்டம் அன்று தொட்டுத் தேதிகளின் சட்டமாகவே வளர்ந்திருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. ஆங்கிலேயர் காலத்துத் தேர்தல்களில் சொத்தும் வரியும் படிப்பும் இருந்தவர்களுக்கே வாக்கு இருந்தது. 1951 மக்கள்தொகைக் கணக்கின்படி எழுத்தறிவு பெற்றோர் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் அளவிலேயே இருந்த நாட்டில், அடுத்து வந்த முதல் பொதுத்தேர்தலில் வயது வந்த எல்லாருக்கும் வாக்குரிமை கிடைத்தது. படிக்கத் தெரியாதவர்களுக்காகப் பெட்டிகளில் சின்னங்கள் ஒட்டப்பட்டன. சொந்த மக்களிடம் படிப்பைக் கேட்காமல் வாக்குச்சீட்டைக் கொடுத்த குடியரசு, வருகிறவரிடம் மட்டும் வினாத்தாளை நீட்டுவது பொருந்தாது. இது இந்தியாவின் பெருமைகளுள் ஒன்று. ஆனால் தேர்வு இல்லாத இடத்தில் சான்றிதழும் தேதியும் வந்து உட்கார்ந்துகொண்டன என்பது அதன் மறுபக்கம்.

போனவர்களும் திரும்பியவர்களும்

முகாம்களில் உள்ள எல்லாரும் ஒரே வரலாறு உடையவர்கள் அல்லர். வடக்கு, கிழக்கு மாகாணங்களைச் சேர்ந்த ஈழத்தமிழர் ஒரு பிரிவினர். மலையகத் தோட்டங்களிலிருந்து வந்த இந்திய வம்சாவளித் தமிழர் இன்னொரு பிரிவினர். இரண்டாம் பிரிவினரின் கதை மதுரைச் சமவெளியிலும் அதன் அண்டை மாவட்டங்களிலுமே தொடங்குகிறது.

19ஆம் நூற்றாண்டில் இலங்கையின் கண்டிப் பகுதியில் காப்பித் தோட்டங்கள் பெருகியபோது, மதுரை, இராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சை, சேலம் வட்டாரங்களிலிருந்து கூலிகளாக ஆட்கள் போனார்கள். வானம் பார்த்த நிலமும் அடிக்கடி வந்த பஞ்சமும் அவர்களைத் துரத்தின. கங்காணிகள் ஊர் ஊராக வந்து முன்பணம் கொடுத்து அழைத்துப்போனார்கள். காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்த பிறகு, பருவத்துக்குப் போய்த் திரும்பிய கூட்டம் அங்கேயே நிலைத்தது. மண்டபத்தில் இலங்கை அரசு நடத்திய நோய்த்தடுப்பு முகாமில் தங்கி, சோதனை முடிந்து, தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஏறியவர்கள் அவர்கள். அதே மண்டபம் பின்னாளில் எதிர்த்திசையில் வந்த அகதிகளின் முதல் தங்குமிடம் ஆயிற்று.

இலங்கையில் 1931இல் வயது வந்தோர் வாக்குரிமை வந்தபோது தோட்டத் தமிழரில் பலரும் வாக்காளர் ஆனார்கள். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் மலையகத்தில் வெற்றிகளும் பெற்றது. நாடு விடுதலை அடைந்த ஆண்டிலேயே அந்த நிலை கவிழ்ந்தது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் எண் குடியுரிமைச் சட்டப்படி, இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும். தோட்ட லயங்களில் பிறந்த கூலியின் பாட்டனுக்குப் பிறப்புச் சான்று எங்கிருந்து வரும்? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. அதே ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின்கீழ் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். கிடைத்தது சுமார் 1,34,000 பேருக்கு மட்டுமே.

அவர்கள் இலங்கையின் பொறுப்பு என்பது நேருவின் நிலைப்பாடு. அவர் மறைந்த சில மாதங்களில், 1964 அக்டோபர் 30 அன்று, லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். 9,75,000 பேர் என்று கணக்கிடப்பட்ட நாடற்றவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும், எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசலாம் என்று முடிவாயிற்று. 1974இல் அந்த எஞ்சியோரை ஆளுக்குப் பாதியாக 75,000 பேர் என்று இந்திரா காந்தியும் சிறிமாவோவும் பங்கிட்டுக்கொண்டார்கள். பங்கிடப்பட்டவர்களை யாரும் கலந்து பேசவில்லை.

ஒப்பந்தப்படி வந்தவர்கள் 'தாயகம் திரும்பியோர்' எனப்பட்டார்கள். கையில் இந்தியக் கடவுச்சீட்டோடு வந்து, நூற்பாலைகளிலும் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களிலும் குடியமர்ந்தார்கள். ஆனால் எல்லாரும் வந்து சேரவில்லை. 1980களின் நடுவில் கலவரத்தால் படகுப் போக்குவரத்து நின்றபோது விண்ணப்பம் முடிவாகாமலும், முடிவாகியும் கிளம்ப முடியாமலும் பலர் அங்கே இருந்தார்கள். 1983 ஜூலை வன்முறையில் தோட்டங்கள் எரிந்தபோது அவர்களில் பலர் அகப்பட்ட படகில் ஏறி இராமேசுவரம் கரைக்கு வந்தார்கள். பாட்டன் பிறந்த மாவட்டத்துக்கே திரும்பியும், பதிவேட்டில் அவர்கள் 'அகதி' என்றே எழுதப்பட்டார்கள். சில ஆண்டுகள் முன்பு கப்பலில் வந்திருந்தால் குடிமகன், பின்பு படகில் வந்ததால் அயலான்.

பெயர் கூப்பிடும் நாள்

முகாம் வாழ்க்கையின் அச்சு தணிக்கை நாள்தான். வருவாய்த் துறை அலுவலர் வந்து குடும்ப அட்டையோடு ஆட்களைச் சரிபார்ப்பார். அன்று முகாமில் இல்லாதவருக்கு உதவித்தொகை நின்றுபோகலாம். கூலி வேலைக்கு வெளியூர் போனவர்கள் அந்த நாளைக் கணக்கிட்டுத் திரும்பி வருவார்கள்.

மதுரைச் சமவெளிக்குப் பெயர் கூப்பிடும் வழக்கம் புதிதல்ல. குற்றப் பரம்பரைச் சட்டத்தின்கீழ் உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் கைரேகை பதிந்து, இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்கச் சொன்ன காலம் ஒன்றிருந்தது. அந்தப் பதிவை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று காவல்துறை சுட்டதில் பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தனர். இரண்டும் ஒன்றல்ல. முகாம் பதிவோடு அரிசியும் பணமும் பள்ளிப்படிப்பும் சேர்ந்தே வருகின்றன. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றிப் புதிய வீடுகளும் அறிவித்தது. ஆனாலும் ஏட்டில் பெயர் இருப்பதும் நாட்டில் உரிமை இருப்பதும் வேறு என்பதை இந்த நிலம் முன்பே கண்டிருக்கிறது.

தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் ஐம்பதாயிரத்துக்கும் அதிகமானோர் இருக்கிறார்கள். அரசமைப்பின் 14, 21 ஆகிய உறுப்புகள் 'எந்த நபருக்கும்' என்று பேசுவதால் சட்டத்தின் முன் சமத்துவமும் உயிர்வாழும் உரிமையும் இவர்களுக்கும் உண்டு. 16, 19, 326 ஆகியவை 'குடிமக்கள்' என்று பேசுவதால் அரசு வேலை, பேச்சுரிமை, வாக்கு ஆகியவை இல்லை. சட்டம் படித்து முடித்தாலும் வழக்கறிஞராகப் பதிய இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும் என்பதே பொதுவிதி. குடிமையியலில் 'நபர்', 'குடிமகன்' என்ற இரு சொற்களின் வேறுபாட்டை ஆசிரியர்கள் ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். முகாமுக்கு அந்த ஒரு வரிதான் பாடம்.

மூன்று தேதிகள்

1955ஆம் ஆண்டுச் சட்டம் இயற்றப்பட்டபோது பிறப்பு வழிக் குடியுரிமை தாராளமாக இருந்தது. 1950 ஜனவரி 26 முதல் இந்திய மண்ணில் பிறந்தவர், சில விலக்குகள் தவிர, பெற்றோர் யாராக இருந்தாலும் இந்தியக் குடிமகன். அசாம் கிளர்ச்சியை அடுத்து வந்த திருத்தத்தால் 1987 ஜூலை 1 முதல் பிறப்பவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருக்க வேண்டும் என்றாயிற்று. 2003ஆம் ஆண்டுத் திருத்தம் 2004 டிசம்பர் 3 அன்று நடைமுறைக்கு வந்தபின், பெற்றோர் இருவரும் குடிமக்களாக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் குடிமகனாகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும்.

அதே 2003 திருத்தம் முறையான பயண ஆவணம் இல்லாமல் நுழைந்த எல்லாரையும் 'சட்டவிரோதக் குடியேறி' என்று வரையறுத்து, பதிவு வழியையும் இயல்புரிமை வழியையும் அவர்களுக்கு அடைத்துவிட்டது. உயிருக்கு ஓடி வந்தவர் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டா படகேறியிருப்பார்? 11 ஆண்டுகள் அல்ல, 35 ஆண்டுகள் வசித்திருந்தாலும் அவரால் விண்ணப்பிக்க முடியாது. மேலே சொன்ன மூன்றாம் அட்டவணைத் தகுதிகள் எல்லாம் இருந்தும் பயனில்லாமல் போவது இதனால்தான்.

அகதிகளாக வந்த ஒரு தம்பதிக்கு இங்கே மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். 1986இல் பிறந்த மூத்த மகள் சட்டப்படி இந்தியக் குடிமகள். 1988இல் பிறந்த மகன் அல்லன். 1990இல் பிறந்த கடைக்குட்டியும் அல்லள். மூவரும் ஒரே பள்ளியில் ஒரே பாடத்தைப் படித்தவர்கள். மூத்தவள் தன்னைக் குடிமகள் என்று அறியாமல் பல ஆண்டுகள் தணிக்கை வரிசையில் நின்றிருப்பாள், ஏனென்றால் பதிவேடு அவளையும் அகதி என்றே சொல்கிறது.

ஒத்தக்கடையில் நடந்த வழக்குகள்

சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004 ஜூலையில் ஒத்தக்கடைப் பக்கம் யானைமலை தெரியும் இடத்தில் தொடங்கியது. திருவாதவூர் அங்கிருந்து தொலைவில்லை. தென்மாவட்ட முகாம்களின் குடியுரிமை வழக்குகள் இங்கேதான் வந்து சேர்கின்றன.

2019 ஜூனில் நீதிபதி ஜி. ஆர். சுவாமிநாதன் வழங்கிய தீர்ப்பு இந்திய வம்சாவளித் தமிழர் 65 பேர் தொடுத்த வழக்கில் வந்தது. கூலிகளாகப் போனவர்களின் வரலாறு, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஆகியவற்றை விரிவாகப் பார்த்த நீதிமன்றம், நீண்டகாலம் நாடற்றவர்களாக வைத்திருப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்புக்கு முரண் என்று கண்டது. குடியுரிமை வழங்கும் அதிகாரம் ஒன்றிய அரசுடையது என்பதால் நேரடியாக அதைத் தர முடியாது. எனவே புதிதாக விண்ணப்பிக்கலாம், மாவட்ட ஆட்சியர்கள் அதை ஒன்றிய அரசுக்கு அனுப்ப வேண்டும், இவர்களின் தனித்த வரலாற்றைக் கருதி முடிவெடுக்க வேண்டும் என்று கூறியது. வரலாற்றுப் பாடம் ஒரு குடியுரிமை வழக்கில் சான்றாக நின்ற அரிய இடம் இது. தேர்வுத்தாளில் விடையாக எழுத வேண்டிய வரலாறு அல்ல அது. மனுதாரர்களின் முன்னோர் வாழ்ந்த வரலாறு.

2022 ஆகஸ்டில் வந்த இன்னொரு வழக்கு தேதி பற்றியது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்குக் கடவுச்சீட்டு மறுக்கப்பட்டது. 1987 ஜூலை 1க்கு முன்பு இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகள் என்பதால் கடவுச்சீட்டு தர வேண்டும் என்று மதுரைக் கிளை உத்தரவிட்டது. கடவுச்சீட்டு வந்தது, பின்பு வாக்காளர் அட்டையும் வந்தது. 2024 ஏப்ரல் 19 அன்று மக்களவைத் தேர்தலில் அவர் வாக்களித்தார். முகாமில் வாழ்ந்துகொண்டே வாக்களித்த முதல் ஆள் என்று செய்தித்தாள்கள் எழுதின. அவருக்குப் புதிதாக எதுவும் வழங்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிறந்த நாளிலிருந்து இருந்த ஒன்றை, ஏறத்தாழ 36 ஆண்டுகள் கழித்து அரசு ஒப்புக்கொண்டது.

எஞ்சியிருப்பது

2019 டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த ஆறு சமயத்தவரைச் சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறையிலிருந்து விடுவித்தது. வசிப்புக் காலத்தையும் 11 ஆண்டுகளிலிருந்து 5 ஆகக் குறைத்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. 2024 மார்ச்சில் விதிகள் வெளியானபோதும் சேர்க்கப்படவில்லை. 2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு வெளியிட்ட ஆணை, 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழருக்கு ஆவணமின்றி நுழைந்ததற்கான தண்டனை விதிகளிலிருந்து விலக்கு அளித்தது. குற்றவாளி அல்லர் என்று சொன்ன அந்த ஆணை, குடிமக்கள் என்று சொல்லவில்லை.

ஆகவே முகாம்களில் இப்போது பயன் தரும் குடிமையியல் மிகவும் சிறியது. பிறப்புச் சான்றிதழில் உள்ள ஒரு நாளை ஒரு சட்டப்பிரிவோடு பொருத்திப் பார்ப்பது. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர் யாரிடமும் குடியுரிமை கேட்டு விண்ணப்பிக்கத் தேவையில்லை. அவரிடம் அது இருக்கிறது, சான்றுதான் தேவை. அப்படிப்பட்டவருக்கு 2004 டிசம்பர் 3க்கு முன் இங்கே பிறந்த பிள்ளையும், பெற்றோரில் ஒருவர் குடிமகன் என்ற வகையில், பிறப்பாலேயே குடிமகன். அந்த நாளுக்குப் பின் பிறந்த பிள்ளைக்கு மற்றப் பெற்றோர் எப்படி நாட்டுக்குள் வந்தார் என்ற கேள்வி எழும். 1985, 86, 87இல் மண்டபத்திலும் இராமநாதபுரத்திலும் நடந்த பிரசவங்களின் மருத்துவமனைச் சீட்டும் பிறப்புப் பதிவும் அன்றைய நெருக்கடியில் பலருக்கு வாய்க்கவில்லை. பாட்டனின் பிறப்புச் சான்றைக் கேட்டு 1948இல் கொழும்பு அடைத்த கதவின் முன், பேரப்பிள்ளைகள் இப்போது தாயின் பிறப்புச் சான்றைத் தேடிக்கொண்டு நிற்கிறார்கள்.